பலாச்சுளைப் போளி

பழுத்த பலாச்சுளையை வேகவைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கிளறி, அந்தப் பூரணத்தை மெல்லிய மைதா மாவுக்குள் பொதிந்து தட்டிச் சுட்டெடுக்கும் இனிப்பு பலாச்சுளைப் போளி. போகிப் பண்டிகைக்குச் செய்யும் கடலைப்பருப்புப் போளிக்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. பருப்பு இருக்கும் இடத்தில் பழம் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மாற்றம் செய்பவரின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. வெந்த பருப்பை வடித்துவிட்டால் நீர் போய்விடும். பழத்தின் நீரோ பழத்துக்குள்ளேயே இருக்கும். பலாச்சுளையின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அதை அடுப்பில் எவ்வளவு பொறுமையாக வற்றவைக்கிறோமோ அந்த அளவுக்குப் போளி கிழியாமல் வரும்.

மராட்டியத்துப் பூரண் போளி, கன்னட நாட்டு ஹோளிகே, ஆந்திரத்துப் பொப்பட்லு எல்லாம் இதே குடும்பம். கடல் கடந்தால் மெக்சிகோவில் டார்ட்டிலா இருக்கிறது. அங்கே பழமையான டார்ட்டிலா மக்காச்சோளத்தில் செய்வது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அரைத்து, தட்டிச் சுடுவார்கள். ஸ்பானியர்கள் கோதுமையைக் கொண்டுபோன பிறகு வட மெக்சிகோவில் கோதுமை டார்ட்டிலாவும் வழக்கத்துக்கு வந்தது. அது பார்வைக்கு நம் சப்பாத்திதான். அதில் பழத்தை வைத்துச் சுருட்டி, பொரித்து, சர்க்கரை தூவி உண்பதும் உண்டு. சுட்ட பிறகு பழத்தை வைப்பது அவர்கள் முறை. வைத்த பிறகு சுடுவது போளியின் முறை. இரண்டும் இந்த அத்தியாயத்தில் உண்டு. போளிக்கு இடம் அதிகம் தரப்பட்டிருக்கிறது, கைப்பழக்கம் அதற்குத்தான் அதிகம் தேவை.

பழமும் மற்றப் பொருள்களும்

இந்தப் போளிக்கான பலா விளையும் பண்ருட்டி விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். அங்கே செம்மண் நிலத்தில் முந்திரியும் பலாவும் அடுத்தடுத்து நிற்கின்றன. சித்திரை தொடங்கி ஆடி வரை விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருக்களில் பலாவின் மணம் இருந்துகொண்டே இருக்கும். முழுப் பழமும் கிடைக்கும், தள்ளுவண்டியில் உரித்த சுளையும் கிடைக்கும். பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையே பாலூரில் உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் பி.எல்.ஆர்.1, பி.எல்.ஆர்.2 என்ற பலா இரகங்களை வெளியிட்டிருக்கிறது. இந்தப் பகுதிக்குப் பலா எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு அதுவே சான்று.

ஒரு குடும்பத்துக்குப் போளி செய்ய முழுப் பழம் வாங்கத் தேவையில்லை. பன்னிரண்டு போளிக்குக் கொட்டை நீக்கிய சுளை அரை கிலோ போதும். உரித்த சுளையை வாங்கும்போது ஈ மொய்க்காமல் மூடி வைத்திருக்கும் கடையைப் பார்த்து வாங்கி, அன்றைக்கே வேகவைத்துவிட வேண்டும். முழுப் பழம்தான் வேண்டும் என்றால் தட்டிப் பார்க்கவேண்டும். பழுத்தது தொம்மென்று ஒலிக்கும். முள்ளின் நெருக்கம் குறைந்து விரிந்திருக்கும். அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். காம்புப் பக்கம் மணம் வீசும். அறுப்பதற்கு முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளாதவர் அன்று முழுவதும் பலாப்பாலோடு மல்லாட வேண்டியிருக்கும். ஒட்டிய பாலைத் தண்ணீர் அகற்றாது, எண்ணெய்தான் அகற்றும்.

சுளையில் இரண்டு வகை. கடித்தால் கெட்டியாக, நறுக்கென்று இருப்பது வருக்கை. வழவழவென்று குழைந்து தொண்டையில் வழுக்குவது கூழன். போளிக்கு வருக்கையே நல்லது. கூழனில் நீரும் நாரும் கூடுதல். கிளறும் நேரமும் ஏறத்தாழ இரண்டு பங்காகும். கூழன்தான் கைக்கு வந்தது என்றால் அரைத்த பின் ஒருமுறை சல்லடையில் தேய்த்து நாரை எடுத்துவிட்டால் பூரணம் மெழுகாக வரும். உரித்த கொட்டைகளைத் தூக்கிப் போடக்கூடாது. வேகவைத்துத் தோல் நீக்கினால் மறுநாள் காரக்குழம்புக்கு ஆகும்.

வெல்லம் 125 கிராம் போதும். பருப்புப் போளிக்குப் போடும் அளவைப் பழப் போளிக்கும் போட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. பழுத்த சுளையிலேயே சர்க்கரை நிறைய இருக்கிறது. முண்டியம்பாக்கத்திலும் நெல்லிக்குப்பத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் கரும்பு நாடு இது, நல்ல வெல்லத்துக்குப் பஞ்சம் இல்லை. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைவிடக் கறுத்த உருண்டை வெல்லமே தேர்வுக்குரியது. வெளுப்பு வருவதற்காக வெல்லப்பாகில் ஹைட்ரோஸ் என்ற இரசாயனம் சேர்ப்பது உண்டு. கறுப்பு வெல்லத்தில் அந்தச் சந்தேகம் குறைவு, வாசனையும் கூடுதல். பனைவெல்லம் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுவதும் பனைவெல்லமாகப் போட்டால் பலாவின் மணம் அடங்கிப்போகும்.

மற்றவை: பெரிய தேங்காயில் அரை மூடித் துருவல், நெய் நாலு தேக்கரண்டி, ஏலக்காய் நாலு, சுக்குப்பொடி அரைச் சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, பொட்டுக்கடலைப்பொடி மூன்று தேக்கரண்டி. மேல்மாவுக்கு மைதா கால் கிலோ, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, எண்ணெய் அரை டம்ளர். எண்ணெயில் நல்லெண்ணெயும் ஆகும், கடலெண்ணெயும் ஆகும். திண்டிவனத்தில் கடலெண்ணெய்தான் இயல்பு. அது நிலக்கடலை ஊர். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி.2 என்ற கொத்துக்கடலை பல பத்தாண்டுகள் இந்தியா முழுவதும் பயிரானது. டி.எம்.வி. என்ற எழுத்துகளே திண்டிவனத்தின் சுருக்கம். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் போளியின் மாவுக்கு ஒரு வறுத்த மணத்தைத் தரும். சுடும்போது மட்டும் நெய்க்கு மாறிக்கொள்ளலாம்.

மேல்மாவு

மேல்மாவை முதலில் பிசைந்துவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு ஓய்வு தேவை. மைதாவில் உப்பு, மஞ்சள்தூள், இரண்டு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசறி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையவேண்டும். 150 மில்லி அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, கையில் ஒட்டுகிற பதத்தில் இருக்கும்போது பலர் பயந்து மேலும் மாவைத் தூவிவிடுவார்கள். தூவக்கூடாது. ஒட்டுகிற மாவைப் பத்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் அது தானாகவே கையை விட்டு விலகும். பிறகு மிச்ச எண்ணெயை மேலே ஊற்றி, மாவு எண்ணெயில் ஊறும்படி மூடி, குறைந்தது இரண்டு மணி நேரம் விடவேண்டும்.

இந்த ஓய்வில்தான் வேலை நடக்கிறது. கோதுமையின் பசைப்புரதம் பிசைந்த உடனே இறுகி நிற்கும். இழுத்தால் ரப்பர் போல் பின்வாங்கும். இரண்டு மணி நேரத்தில் அந்த இறுக்கம் தளர்கிறது. ஒரு துளி மாவை எடுத்து இரண்டு விரல்களால் இழுத்துப் பார்க்கலாம். அறுந்துபோகாமல் சவ்வு போல் நீண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் என்றால் மாவு தயார். மக்காச்சோள மாவில் இந்தப் பசைப்புரதம் இல்லை. அதனால்தான் சோள டார்ட்டிலாவை அழுத்திச் செய்கிறார்கள், அதற்குள் பூரணம் வைத்து இழுத்துப் பொதிய முடியாது. மைதா வேண்டாம் என்பவர்கள் சலித்த கோதுமை மாவில் செய்யலாம். தண்ணீர் இன்னும் இரண்டு மூன்று தேக்கரண்டி கூடும், ஊறும் நேரமும் ஒரு மணி கூடும், போளி கொஞ்சம் தடிமனாக வரும். பாதி மைதா பாதி கோதுமை என்பது வீட்டுக்கு நல்ல உடன்பாடு.

பூரணம்

சுளைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து மூடி வேகவைக்க வேண்டும். இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் நீர் இன்னும் குறைவாகச் சேரும். விரலால் அழுத்தினால் மசிகிற அளவுக்கு வெந்த பிறகே வெல்லத்தைத் தொடவேண்டும். வேகாத சுளையில் வெல்லம் போட்டால் சுளை அதற்கு மேல் குழையாது. இனிப்பு ஏற ஏறப் பழத்தின் சதை இறுகி, மென்றால் நறநறக்கும் துண்டுகளாகவே நின்றுவிடும். அந்தத் துண்டுகள்தான் பிறகு தட்டும்போது மாவைக் கிழிக்கும்.

வெந்த சுளையை ஆறவிட்டுத் தண்ணீர் விடாமல் அரைக்கவேண்டும். வெல்லத்தைத் தனியே அரை டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டி, மண் போக்கி, பிசுபிசுப்பு வரும்வரை கொதிக்கவிட்டு, அரைத்த விழுதைச் சேர்க்கலாம். பாகுப் பதம் பார்க்கத் தேவையில்லை. இனி அடுப்பு நடுத்தரத் தணலில் இருக்கட்டும். முதலில் விழுது குபுகுபுவென்று தெறிக்கும். நீளக் கரண்டி இல்லாவிட்டால் கையில் கொப்புளம் நிச்சயம். பத்து நிமிடத்தில் தெறிப்பு அடங்கும். பிறகு நிறம் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறும். அப்போது தேங்காய்த் துருவலையும் பாதி நெய்யையும் சேர்த்துத் தணலைக் குறைத்துவிட வேண்டும். கிளறுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும் கட்டம் இதுதான். அடிப்பிடித்த வாசனை ஏறிய பூரணத்தை ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் மீட்க முடியாது.

மலையாள நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் செய்யும் சக்கை வரட்டி இதே வழியில்தான் தொடங்குகிறது. அதை மணிக்கணக்கில் கிளறிக் கறுப்பாக்கி, மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். போளிக்கு அவ்வளவு தூரம் போகக்கூடாது. அந்தப் பதத்துக்குப் போனால் பூரணம் ஆறியதும் அல்வாத்துண்டு போல் இறுகும், தட்டினால் பரவாது.

நிறுத்தும் இடத்தை மூன்று அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். கரண்டியால் பாத்திரத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் பாத்திரத்தின் அடி தெரியவேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது. மூன்றாவதை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுவே நம்பத்தக்கது: ஒரு சிறு உருண்டையை எவர்சில்வர் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உருண்டையைச் சுற்றி ஈரவளையம் கசிந்திருந்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். மறுபடி அடுப்பில் ஏற்றவேண்டும். அதற்குப் பிறகும் தளர்வாகவே இருந்தால் பொட்டுக்கடலைப்பொடியைத் தூவிக் கலக்கலாம். பொடியை முதலிலேயே போட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் பூரணத்தில் மாவுச்சுவை ஏறி, பழம் எங்கோ போய்விடும். இறக்கும்போது ஏலக்காய்ப்பொடி, சுக்குப்பொடி, உப்பு. சுக்கு சுவைக்கு மட்டும் அல்ல. பலா சாப்பிட்டால் வயிறு மந்தமாகும் என்று நினைக்கும் வீடுகளில் அதைத் தவறவிடுவதே இல்லை.

பூரணம் முழுவதுமாக ஆறவேண்டும். சூடான பூரணத்தின் ஆவி மாவை உள்ளிருந்து நனைத்து இளக்கிவிடும். ஆறியதும் பன்னிரண்டு உருண்டைகளாக்கிக்கொள்ளலாம்; ஒன்று 50 கிராமை ஒட்டி, பெரிய எலுமிச்சம்பழ அளவு வரும். மாவைச் சிறிய எலுமிச்சை அளவில் பன்னிரண்டாகப் பிரிக்கவேண்டும்.

போளியில் ஒரே ஒரு இரகசியம் உண்டென்றால் அது இந்த இடத்தில் இருக்கிறது. மாவு உருண்டையை இடது கட்டைவிரலாலும் பூரண உருண்டையை வலது கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே மாதிரி அமுங்கவேண்டும். பூரணம் கெட்டி, மாவு தளர்வு என்றால் மாவு ஓரத்துக்கு ஓடிவிடும். பூரணம் நடுவிலேயே மேடாக நிற்கும். மாவு கெட்டி, பூரணம் தளர்வு என்றால் பூரணம் ஓரத்தில் பிதுங்கி வெளியே வரும். இரண்டும் ஒத்த பதத்தில் இருந்தால் தட்டத் தட்ட இரண்டும் சேர்ந்தே விரியும். பூரணம் இறுகிவிட்டிருந்தால் ஒரு தேக்கரண்டி சூடான பாலோ நெய்யோ விட்டுப் பிசைந்தால் சமமாகிவிடும். மாவு கெட்டி என்றால் எண்ணெய் தொட்டுப் பிசைந்து அரைமணி நேரம் விடவேண்டும். அளவுக் குறிப்பை எழுத்து எழுத்தாகப் பின்பற்றியும் போளி வராதவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைத்தான் விட்டிருப்பார்கள்.

தட்டுவதும் சுடுவதும்

வாழையிலையின் நடுநரம்பைச் சீவிவிட்டு, தணலில் ஒரு வாட்டு வாட்டினால் கிழியாத விரிப்பு கிடைக்கும். அதில் எண்ணெய் தடவி, மாவு உருண்டையை உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, பூரணத்தை நடுவில் வைத்து, ஓரங்களை மேலே கூட்டி முடிச்சுப் போல் குவிக்கவேண்டும். குவிந்த இடத்தில் மிஞ்சும் மாவுக் கொழுந்தைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அதை அப்படியே அமுக்கிவிட்டால் போளியின் அடிநடுவில் வேகாத மாவுத் திட்டு தங்கும். முடிச்சுப் பக்கம் இலையில் படும்படி கவிழ்த்து, எண்ணெய் தொட்ட விரல்நுனிகளால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டவேண்டும். பூரிக்கட்டையைவிட விரல் நல்லது. மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று விரலுக்குத் தெரியும், கட்டைக்குத் தெரியாது. ஒரு சாண் அகலம், இரண்டு தோசை கனம் போதும். பால்பாக்கெட் உறையின் மேல் தட்டுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதோடு சூடான கல்லுக்கு அருகே போகவே கூடாது. இலை என்றால் இலையோடு கல்லில் கவிழ்த்து, சில நொடிகள் கழித்து இலையை உரித்தெடுக்கலாம். வாடிய இலையின் மணமும் போளியில் ஏறும்.

கல் நன்றாகக் காய்ந்து, பிறகு நடுத்தரத் தணலுக்கு இறங்கியிருக்கவேண்டும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். பூரணம் ஏற்கெனவே வெந்தது, மாவுதான் வேகவேண்டும். மேலே சிறு கொப்புளங்கள் எழுந்ததும் திருப்பி, ஓரம் சுற்றிச் சில துளி நெய் விட்டு, பொன்னிறப் புள்ளிகள் விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். மெல்லிய தணலில் நெடுநேரம் கிடக்கும் போளி ஈரமெல்லாம் இழந்து, ஆறியதும் அப்பளம் போல் விறைக்கும். எங்காவது கிழிந்து வெல்லம் கல்லில் பட்டுக் கருகினால் அடுத்ததைப் போடுமுன் ஈரத்துணியால் கல்லைத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கரிக்கசப்பு வரிசையாக எல்லாப் போளியிலும் ஒட்டும். சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். தட்டில் பரப்பி ஆறவைத்து, பிறகு வாழையிலைத் துண்டுகளை இடையில் வைத்து அடுக்கலாம்.

தேங்காய் சேர்ந்திருப்பதால் வெளியே ஒரு நாள்தான் தாங்கும்; கோடையில் அதுவும் நிச்சயமில்லை. குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள் இருக்கும். உண்ணும்போது கல்லில் இரண்டு பக்கமும் சூடாக்கினால் மீண்டும் இளகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பண்டம் இல்லை. வெல்லத்தைக் குறைத்தாலும் பழத்தின் சர்க்கரை அப்படியே இருக்கிறது.

வேறு பழங்கள்

நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்து மசித்து இதே முறையில் கிளறினால் பூரணம் இருபது நிமிடத்தில் திரண்டுவிடும். பழப் போளியை முதன்முறை முயல்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். பூவன் பழத்தில் புளிப்பு உண்டு, வெல்லம் கொஞ்சம் கூட்டவேண்டும். மாம்பழத்தில் நார் இல்லாத பங்கனப்பள்ளி பொருந்தும். ஆனால் அதில் பலாவைவிட நீர் அதிகம், அரை கிலோ விழுது கால் கிலோவுக்கும் கீழே வற்றவேண்டியிருக்கும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். அதன் செஞ்சாற்றைப் பிழிந்து வெல்லத்தோடு கிளறினால் ஒரு சிறு கசப்போடு ஆழமான சுவை வரும். பழகியவர்கள் அதை விடமாட்டார்கள். திண்டிவனம், மரக்காணம் பக்கம் கோடையில் சாலையோரம் குவியும் தர்ப்பூசணி மட்டும் இதற்கு உதவாது. பத்தில் ஒன்பது பங்கு நீர். வற்றவைத்தால் சிவப்பும் போய் மணமும் போய்விடும். அதை வெட்டி அப்படியே சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

சப்பாத்திச் சுருள்

மீந்த பூரணமும் மீந்த சப்பாத்தியும் இருந்தால் மெக்சிகோ முறை கைகொடுக்கும். சப்பாத்தியைக் கல்லில் ஒரு நொடி சூடாக்கி இளக்கிக்கொள்ள வேண்டும், குளிர்ந்ததைச் சுருட்டினால் வெடிக்கும். கடைகளில் விற்கும் அரைவேக்காட்டுச் சப்பாத்தியும் இதற்கு ஆகும். ஒரு ஓரத்தில் இரண்டு தேக்கரண்டிப் பூரணத்தை நீளவாக்கில் வைத்து, இரண்டு பக்கங்களையும் உள்ளே மடித்து, பாயைச் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டவேண்டும். கடைசி ஓரத்தில் மைதாவைத் தண்ணீரில் குழைத்த பசையைத் தடவி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழாக வைத்து ஐந்து நிமிடம் காயவிடலாம். இங்கே பச்சைப் பழத்துண்டுகளும் ஆகும். பலாச்சுளையையோ வாழைப்பழத்தையோ மெல்லியதாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யில் நாட்டுச்சர்க்கரையோடு இரண்டு நிமிடம் வதக்கி ஈரம் வற்றியபின் வைத்துச் சுருட்டலாம். வதக்காமல் வைத்தால் சாறு கசிந்து எண்ணெயில் வெடிக்கும்.

அகன்ற வாணலியில் விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் காயவைத்து, ஒட்டிய பக்கம் முதலில் எண்ணெயில் படும்படி இட்டு, உருட்டி உருட்டிப் பொன்னிறமாக்க வேண்டும். எண்ணெய் வேண்டாம் என்றால் கல்லில் நெய் விட்டு நாலு பக்கமும் முறுகவைக்கலாம். பொடித்த சர்க்கரையில் பட்டைப்பொடி கலந்து சூட்டோடு புரட்டினால் அந்த நாட்டுச் சுவை வரும். மெக்சிகோ வீடுகளில் விரும்பிப் போடுவது இலங்கைக் கறுவாப்பட்டை. அது மெல்லியதாக, சுருள் சுருளாக இருக்கும், பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையின் காரம் அதில் இல்லை. அது கிடைக்காவிட்டால் ஏலக்காய்ப்பொடியே போதும். பொரித்த பத்து நிமிடத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். அதற்குப் பிறகு பூரணத்தின் ஈரம் மேல்தோலுக்கு ஏறி மொறுமொறுப்பு போய்விடும்.